புயலுக்கு முன்னே செல்லும் சொல்

ஹூக்ளி நதி, வில்லியம் கோட்டையைக் கடந்து தெற்கே சென்று, மேற்கு நோக்கி ஒரு பெரும் வளைவு எடுக்கின்ற இடத்தில், அதன் இடக்கரையிலே அமைந்திருப்பது கார்டன் ரீச். ஆற்றில் ஒரு வளைவுக்கும் அடுத்த வளைவுக்கும் இடையே நேராகச் செல்லும் நீர்ப்பரப்பை மாலுமிகள் ‘ரீச்’ என்பர். பதினெட்டாம் நூற்றாண்டில் ஆங்கிலேயச் செல்வர்கள் இக்கரையில் தோட்ட மாளிகைகளைக் கட்டி வாழ்ந்தமையால் ‘தோட்டக்கரை’ என்னும் பொருளில் அப்பெயர் நிலைத்துவிட்டது. அயோத்தி நாட்டை இழந்த நவாபு வாஜித் அலி ஷா 1856-ஆம் ஆண்டில் கல்கத்தாவுக்கு வந்து, இதை அடுத்த மட்டியாபுருஜிலே தம் இறுதிக்காலம் வரை வாழ்ந்தார். பின்பு கப்பல் துறைகளும், கப்பல் கட்டும் பட்டறையும், வங்காள நாகபுரி ரயில்வேயின் தலைமை அலுவலகமும் இங்கே வந்தன. தென்னாட்டிலிருந்து கணக்கராகவும் எழுத்தராகவும் இவ்வூருக்கு வந்த நம்மவர் பலருக்குக் கல்கத்தா என்றால் முதலில் நினைவுக்கு வருவது காளி கோயிலன்று. கார்டன் ரீச் ரயில்வே அலுவலகந்தான்.

ஆயினும், நாம் இங்கே பேச எடுத்துக்கொண்டது தோட்டங்களைப் பற்றியும் அன்று, ரயிலைப் பற்றியும் அன்று. கடலிலே பிறக்கும் புயலைப் பற்றிய செய்தி, புயலுக்கு முன்னால் கரைக்கு வந்து சேர வேண்டும் என்னும் முயற்சி இந்தியாவில் எங்கே, எவ்வாறு தொடங்கிற்று என்பதே நம் பொருள். அந்த வரலாற்றின் பெரும்பகுதி இந்த ஆற்றங்கரையைச் சுற்றியே நடந்திருக்கிறது. அதில் அரசாங்கத்தார்க்கு எவ்வளவு பங்குண்டோ, அவ்வளவு பங்கு சம்பளம் வாங்காத ஆர்வலர்களுக்கும் உண்டு. இந்தச் செய்தி நம்மவரிடையே அதிகமாகப் பேசப்படுவதில்லை.

சுழன்றடிக்கும் பெருங்காற்றுக்குச் ‘சைக்ளோன்’ என்று உலகெங்கும் இன்று வழங்கும் பெயர் பிறந்த ஊர் கல்கத்தா. அப்பெயரை இட்டவர் ஹென்றி பிடிங்டன் என்னும் ஆங்கிலேயர். வணிகக் கப்பல் தலைவராயிருந்து, பின்பு கரையேறி, கல்கத்தாவில் கப்பற் சேதங்களை விசாரிக்கும் நீதிமன்றத்தின் தலைவராக இருந்தவர். உடைந்த கப்பல்களின் தலைவர்கள் அவர் முன்னிலையிலே வந்து நின்று, காற்று எத்திசையிலிருந்து அடித்தது, எந்த நாழிகையில் திசை மாறியது, பாரமானியில் பாதரசம் எவ்வளவு இறங்கியது என்றெல்லாம் வாக்குமூலம் கொடுத்தனர். வேறொருவராயிருந்தால் குற்றம் யாருடையது என்று தீர்ப்புக் கூறி, ஏட்டை மூடியிருப்பார். பிடிங்டனோ ஒரே புயலைப் பற்றிப் பல கப்பல்கள் தந்த குறிப்புகளை ஒரு கடற்படத்தின் மீது வரிசையாக இட்டுப் பார்த்தார். காற்று நேர்கோட்டில் வீசவில்லை; சுருண்ட பாம்பு போலச் சுழல்கிறது என்பது அவருக்குப் புலனாயிற்று. பாம்பின் சுருளைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து அவர் ‘சைக்ளோன்’ என்னும் பெயரை ஆக்கி, 1848-இல் வெளியிட்ட தம் மாலுமி நூலில் வழங்கினார். ஒளி ஊடுருவும் மெல்லிய கொம்புத் தகடுகள் இரண்டு அந்நூலோடு சேர்ந்து வந்தன. சுழற்காற்றின் வட்டங்கள் வரையப்பட்ட அத்தகட்டைக் கடற்படத்தின்மீது வைத்துத் திருப்பினால், புயலின் நடு எப்புறம் இருக்கிறது, கப்பலை எப்புறம் திருப்பினால் தப்பலாம் என்பதைப் பள்ளிப் படிப்பு அதிகமில்லாத மாலுமியும் அறிந்துகொள்வான். அறிவை ஏட்டிலே வைக்காமல் கையிலே கொடுத்த நேர்த்தி அது.

பிடிங்டன் செய்த இன்னொரு காரியமும் குறிப்பிடத்தக்கது. ஹூக்ளியில் மணல் மேடுகள் பெருகுகின்றன என்று அஞ்சிய அரசாங்கத்தார், கல்கத்தாவுக்குத் தென்கிழக்கே மாத்லா ஆற்றின் மீது புதிய துறைமுகம் ஒன்று அமைக்க எண்ணினர். சுந்தரவனக் காடுகள் கடலுக்கும் ஊருக்கும் இடையே காவல் நிற்கும் இடத்தில், காட்டை அழித்து நகரம் கட்டினால், புயலோடு வரும் கடல்வெள்ளம் ஒருநாள் அந்நகரத்தை வாரிக்கொண்டு போகும் என்று 1853-இல் டல்ஹௌசிப் பிரபுவுக்குப் பகிரங்கக் கடிதம் எழுதினார் அவர். யாரும் செவிசாய்க்கவில்லை. கானிங் துறைமுகம் எழுந்தது. 1867-ஆம் ஆண்டு நவம்பரில் வந்த புயல் அதைச் சிதைத்துவிட்டது. துறைமுகம் பின்னர்க் கைவிடப்பட்டது. அதைப் பார்க்கப் பிடிங்டன் உயிரோடில்லை, 1858-இலேயே காலமாகிவிட்டார்.

இனி, கார்டன் ரீச்சுக்கு நேர் எதிர்க்கரையைப் பார்ப்போம். அங்கே சிப்பூர்த் தாவரத் தோட்டம் இருக்கிறது; ஓர் ஊரளவு படர்ந்த பேராலமரம் நிற்பதும் அங்கேதான். அத்தோட்டத்தில் 1839-ஆம் ஆண்டில் கல்கத்தா மருத்துவக் கல்லூரியின் வேதியியல் ஆசிரியர் ஓஷானஸி என்பவர் மரங்களுக்கும் மூங்கில்களுக்கும் இடையே கம்பிகளைக் கட்டி, அவற்றின் வழியே மின்சாரச் சைகைகளை அனுப்பிப் பார்த்தார். ஆற்று நீருக்கடியிலும் கம்பியைச் செலுத்திச் சோதித்தார். நோயாளிக்கு மருந்து கலக்க வேண்டிய ஆசிரியர் ஏன் கம்பி கட்டுகிறார் என்று அக்காலத்தவர் வியந்திருக்கக்கூடும். ஆனால் பன்னிரண்டு ஆண்டுகளுக்குப் பின் கல்கத்தாவுக்கும் டயமண்டு துறைமுகத்துக்கும் இடையே இந்தியாவின் முதல் தந்திக் கம்பி செயல்படத் தொடங்கியபோது, அதை அமைத்தவர் அதே ஓஷானஸிதான். அவருக்கு வலக்கையாக நின்றவர் சிவசந்திர நந்தி என்னும் வங்காளியர். அக்கம்பி எதற்காக முதலில் இழுக்கப்பட்டது என்பதைக் கருத வேண்டும்: கடலிலிருந்து ஆற்றுக்குள் நுழையும் கப்பல்களின் வரவை நகரத்து வணிகர்களுக்கு அறிவிப்பதற்காக. 1855-இல் பொதுமக்களும் தந்தி கொடுக்கலாமாயிற்று. கல்கத்தாவும் சென்னையும் பம்பாயும் கம்பியால் இணைந்தன.

ஆகவே 1864-ஆம் ஆண்டில் கல்கத்தாவிலே பாரமானி இருந்தது. தந்தி இருந்தது. புயல் சுழலும் என்னும் அறிவும் நூலாக அச்சேறியிருந்தது. இவை மூன்றையும் இணைத்து, ‘புயல் வருகிறது, எச்சரிக்கையாயிருங்கள்’ என்று கூறும் பொறுப்பு மட்டும் எவரிடமும் ஒப்படைக்கப்படவில்லை.

அவ்வாண்டு அக்டோபர் 5-ஆம் நாள், அந்தமான் தீவுகளுக்கு மேற்கே பிறந்து வடமேற்கு நோக்கி வந்த புயல், ஹூக்ளியின் வாயில் நுழைந்தது. காற்றைவிடக் கொடியதாக வந்தது கடல். வங்காள விரிகுடாவின் வடகோடி, புனலைக் கவிழ்த்து வைத்தாற்போல் குறுகிக்கொண்டே போவது, ஆழமும் குறைவு. புயல் தள்ளிக்கொண்டு வரும் நீருக்குப் பக்கங்களில் ஒதுங்க இடமில்லாமையால் அது உயர்ந்து, ஆற்றின் வழியாக உள்ளே பாய்கிறது. ஏற்றத்தின் வேளையும் அதனோடு சேர்ந்துவிட்டால் கேட்க வேண்டியதில்லை. சாகர்த் தீவிலும் ஆற்றின் இருகரைகளிலும் இருந்த ஊர்கள் நீரில் மூழ்கின. துறைமுகத்தில் நின்ற ஏறக்குறைய இருநூறு கப்பல்களில் பெரும்பாலானவை நங்கூரச் சங்கிலிகளை அறுத்துக்கொண்டு ஒன்றன்மேல் ஒன்றாக மோதிக் கரையேறின. சிப்பூர்த் தோட்டத்தில் மரங்களில் ஏறத்தாழப் பாதி வீழ்ந்தன. பேராலமரமும் கிளைகள் முறிந்து நின்றது. ஏறக்குறைய 60,000 மக்கள் மாண்டனர் என்று கணக்கிடப்பட்டிருக்கிறது. அவர்களில் பெரும்பாலோர் காற்றினால் மாண்டவரல்லர். நீரினாலும், அதைத் தொடர்ந்த நோயினாலும் மாண்டவர்கள். கல்கத்தா நகரத்துப் பெரியவர்கள் முறிந்த மரங்களையும் கப்பல்களையும் நிழற்படம் எடுத்து வைத்தார்கள். தீவிலே மாண்ட உழவனுக்கும் உப்புக் காய்ச்சுகிறவனுக்கும் படம் எடுப்பார் இல்லை.

இந்தப் புயலை ஆராய்ந்து அறிக்கை எழுதும் பணி காஸ்ட்ரெல் என்னும் நில அளவை அதிகாரிக்கும் பிளான்போர்டு என்னும் நிலவியல் அறிஞருக்கும் அளிக்கப்பட்டது. அவர்கள் பிடிங்டன் காட்டிய வழியிலேயே கப்பல் நாட்குறிப்புகளையும், கரையோர அலுவலர் குறிப்புகளையும், தோட்டக்காரர் முதலிய தனிமனிதர்களின் கடிதங்களையும் திரட்டினர். 1866-இல் வெளிவந்த அவ்வறிக்கையைப் புரட்டுகிறவர்களுக்கு ஓர் உண்மை விளங்கும்: புயல் கரையை அடைவதற்கு மூன்று நாட்களுக்கு முன்பே அதைக் கண்டவர்கள் கடலில் இருந்தனர். அவர்கள் கண்டது கரைக்குத் தெரிய வழியில்லை. கப்பலிலே தந்தி கிடையாதல்லவா?

கரையிலாவது உள்ள கருவிகளை ஒழுங்கு செய்வோம் என்று 1865-ஆம் ஆண்டிலேயே கல்கத்தாத் துறைமுகத்துக்குப் புயல் எச்சரிக்கை ஏற்பாடு தொடங்கப்பட்டது; இந்தியாவில் இதுவே முதலாவது. இங்கிலாந்தில் பிட்ஸ்ராய் என்னும் கடற்படைத் தலைவர் இத்தகைய எச்சரிக்கைகளை 1861-இல்தான் ஆரம்பித்திருந்தார் என்பதை நோக்கினால், நாம் மிகவும் பின்தங்கிவிடவில்லை என்று தெரியும். இரண்டாண்டுகளில் சோதனை வந்தது. பெல்ஜிய நாட்டுப் பாதிரியாரான லபோன் என்பவர் தூய சவேரியார் கல்லூரியில் இயற்பியல் ஆசிரியராயிருந்தார். நாள்தோறும் தம் கையாலேயே வானிலைக் குறிப்பு எடுத்து வந்த அவர், 1867 நவம்பரில் வரவிருந்த புயலை முன்கூட்டியே உணர்ந்து அதிகாரிகளுக்குத் தெரிவித்தார். அவர்கள் இம்முறை செவிகொடுத்தனர். பல உயிர்கள் தப்பின. பிளான்போர்டு 1875-இல் அமைக்கப்பட்ட இந்திய வானிலை ஆய்வுத் துறையின் முதல் தலைவரானார். அத்துறையின் தலைமையகம் கல்கத்தாவிலேயே தொடங்கிற்று. 1898 முதல் இந்தியத் துறைமுகங்கள் எல்லாவற்றுக்கும் ஒரேவகையான எச்சரிக்கைச் சைகைகள் வந்தன. நாகப்பட்டினத்திலும் கடலூரிலும் நாம் ‘புயற்கூண்டு’ என்று சொல்கிறோமே, அதன் வரலாறு இதுதான். பகலிற் கூம்பும் உருளையும், இரவில் விளக்குகளும்.

லபோன் பாதிரியாரைப் பற்றிப் பேசும்போது தமிழர் மறக்கக்கூடாத ஒரு தொடர்பு உண்டு. மகேந்திரலால் சர்க்கார் என்னும் மருத்துவர் 1876-இல் பௌபஜார் வீதியில் விஞ்ஞான வளர்ச்சிக் கழகத்தை நிறுவியபோது உடன் நின்று உழைத்தவர் அவர். முப்பது ஆண்டுகளுக்குப் பின், கணக்காயர் அலுவலகத்தில் உத்தியோகம் பார்க்கக் கல்கத்தா வந்த ஓர் இளைஞர், அக்கழகத்தின் பலகையைக் கண்டு உள்ளே நுழைந்தார். பகலிலே அரசாங்கக் கணக்கு, காலையிலும் இரவிலும் ஆராய்ச்சி என்று பத்தாண்டுகள் உழைத்த அவ்விளைஞர், திருச்சிராப்பள்ளியிற் பிறந்த சி. வி. ராமன். ஊதியம் ஒன்றுக்காகவும் உள்ளம் வேறொன்றுக்காகவும் வாழ்வது, வெளிமாநிலத்திற் குடியேறிய நம்மவர்க்குப் புதிய வழக்கமன்று.

கம்பியில்லாமற் செய்தி அனுப்பும் விந்தையிலும் கல்கத்தாவுக்குப் பழைய உரிமை உண்டு. ஜகதீச சந்திர போஸ் 1895-இல் இந்நகரத்து மண்டபத்தில், சுவர்களை ஊடுருவிச் சென்ற மின்காந்த அலையால் தொலைவில் ஒரு மணியை ஒலிக்கச் செய்தும், வெடிமருந்தைக் கொளுத்தியும் காட்டினார். பின்னர் மார்க்கோனியின் முயற்சியால் கம்பியில்லாத் தந்தி கப்பல்களில் ஏறிற்று. 1912-இல் டைட்டானிக் மூழ்கிய இரவில் எழுநூறுக்கு மேற்பட்டவர் உயிர் பிழைத்ததற்குக் காரணம் அதுதான். 1864-இல் கடலிலே வாயடைத்து நின்ற கப்பல்களுக்கு இப்போது நாக்கு முளைத்தது.

நாக்கு முளைத்தவை கப்பல்கள் மட்டுமல்ல. வீட்டிலே ஒரு மேசையின்மேல் கருவி அமைத்து, இலாபம் கருதாமல், அறிமுகமில்லாத மனிதரோடு வான்வழியே உரையாடும் ஆர்வலர்கள் உலகெங்கும் தோன்றினர். இவர்களை ‘ஹாம்’ என்பர். இந்தியாவில் முதன்முதலாக இதற்கு உரிமம் பெற்றவர் கல்கத்தாவைச் சேர்ந்த அமரேந்திர சந்திர குப்தா, ஆண்டு 1921. அவருடைய அழைப்புக்குறி ‘2 ஜே. கே.’ என்பது. அவ்வாண்டிலேயே முகுல் போஸ் என்பவரும் உரிமம் பெற, முதல் இருவழி உரையாடல் நிகழ்ந்தது. ஒருவரே உரிமம் வைத்திருந்தால் அவர் யாரோடு பேசுவார்? இரண்டாமவர் வந்த பிறகுதான் அது வானொலியாயிற்று! 1923 நவம்பரில் கல்கத்தா வானொலிச் சங்கம் ஒலிபரப்பைத் தொடங்கிற்று. 1924-இல் சி. வி. கிருஷ்ணசாமி செட்டியாரின் முயற்சியால் சென்னை மாகாண வானொலிச் சங்கம் அமைந்து, ஜூலை 31-ஆம் நாள் ஒலிபரப்பை ஆரம்பித்தது. பணமின்றி 1927-இல் அச்சங்கம் நின்றபோது, கருவியைச் சென்னை நகராண்மைக் கழகத்தாரிடம் ஒப்படைத்துவிட்டது. அவர்கள் 1930 முதல் அதை நடத்தினர். அகில இந்திய வானொலியின் சென்னை நிலையம் 1938 ஜூன் 16-இல் பிறக்கும்வரை தமிழ் நேயர்களுக்கு அதுவே துணை. ஆர்வலர்கள் போட்ட வரப்பின் மீதுதான் அரசாங்கத்தார் பிறகு பாதை அமைத்தனர் என்று சொன்னால் மிகையாகாது.

இப்படி வளர்ந்துவந்த செய்தித் தொடர்பு எவ்வளவு எளிதில் அணைந்துபோகக்கூடும் என்பதைக் காட்டும் ஓர் ஆண்டு வந்தது. 1939-இல் உலகப் போர் மூண்டதும் ஆர்வலர்கள் எல்லோரும் தங்கள் கருவிகளைப் போலீசாரிடம் ஒப்படைக்க வேண்டும் என்று ஆணை பிறந்தது. பகைவர்க்குப் பயன்படும் என்று கருதி, வானிலைச் செய்திகளை வெளியிடுவதும் கட்டுப்படுத்தப்பட்டது. ஜப்பானியர் பர்மாவைப் பிடித்த பின், 1942-இல், வங்கக் கடற்கரை மக்களின் படகுகளையும் அரசாங்கம் பறித்துக்கொண்டது. அவ்வாண்டு ஆகஸ்டுக்குப் பின் மேதினிபுரி மாவட்டத்தில் விடுதலைக் கிளர்ச்சி மூண்டு, தந்திக் கம்பிகள் பல இடங்களில் அறுக்கப்பட்டிருந்தன. அறுத்தவர்களின் நோக்கம் அந்நிய ஆட்சியை முடமாக்குவது. அதை நாம் குறைகூற வரவில்லை. ஆனால் இயற்கைக்கு இந்த நியாயங்கள் தெரிவதில்லை. அக்டோபர் 16-ஆம் நாள் புயல் காந்தி, தம்லுக் வட்டாரங்களின்மீது விழுந்தது. ஒரே இரவில் 14,000 பேருக்கு மேல் மடிந்ததாக அரசாங்கமே பின்னர் ஒப்புக்கொண்டது. தப்பிச் செல்லப் படகில்லை. செய்தி சொல்லக் கம்பியில்லை. கருவி வைத்திருந்த ஆர்வலர் கையிற் கருவியில்லை. பேரிடர் நடந்த செய்தியையே போர்க்காலத் தணிக்கை ஏறக்குறைய இரண்டு வாரம் மறைத்து வைத்தது. கல்கத்தாவிலிருந்து ஒரு பகற்பொழுதிற் சென்று சேரத்தக்க தூரத்தில் பல்லாயிரவர் மாண்டு கிடந்தனர். கல்கத்தாவாசிகள் பத்திரிகையிற் போர்ச் செய்தி படித்துக்கொண்டிருந்தனர். இந்த வரலாற்றில் நம் மனத்தை மிகவும் உறுத்தும் பக்கம் இதுவே. 1864-இல் சொல்ல வழியில்லை. 1942-இல் இருந்த வழிகளையெல்லாம் மனிதர்களே அடைத்து வைத்திருந்தார்கள்.

நம் சொந்தக் கரையில் நடந்ததையும் சொல்லாமல் விட முடியாது. கல்கத்தாப் புயலுக்குச் சரியாக நூறாண்டு கழிந்து, 1964 டிசம்பர் 22-ஆம் நாள் நள்ளிரவிலே தனுஷ்கோடியைக் கடல் கொண்டது. பாம்பனிலிருந்து புறப்பட்ட பயணிகள் வண்டி, நூறு பேருக்கு மேற்பட்டவரோடு, தனுஷ்கோடியை நெருங்கிய நிலையில் அலையில் மறைந்தது. பாம்பன் பாலம் சிதைந்து, தீவின் தொடர்பு அற்றது. வண்டி போனது வெளியுலகுக்குத் தெரியவே நேரமாயிற்று. முன்னே உள்ள இருப்புப்பாதையின் நிலையைப் பின்னேயிருந்த நிலையத்துக்குச் சொல்ல ஒரு குரல் அன்று அந்தத் தீவுமுனையில் இல்லை.

இத்தகைய வேளையிலே ஹாம் வானொலி எவ்வாறு உதவுகிறது? தந்தியும் தொலைபேசியும் கம்பத்தை நம்புகின்றன. செல்பேசி கோபுரத்தையும், அதற்கு வரும் மின்சாரத்தையும் நம்புகிறது. புயல் முதலில் சாய்ப்பது இவற்றைத்தான். ஹாம் நிலையத்துக்கு வேண்டியவை ஒரு சிறு கருவி, மோட்டார் வண்டியில் உள்ளது போன்ற 12 வோல்ட் மின்கலம், இரண்டு மரங்களுக்கிடையே கட்டத்தக்க ஒரு கம்பி, இவ்வளவே. நடுவே வேறு எவருடைய தயவும் வேண்டியதில்லை. அண்மையில் உள்ளவரோடு பேசுவதற்கு மிக உயர்ந்த அதிர்வெண். தொலைவில் உள்ளவரோடு பேசுவதற்குச் சிற்றலை. சிற்றலை மேலே சென்று, நம் தலைக்கு மேல் நூறு கிலோமீட்டருக்கு அப்பால் உள்ள மின்னணுப் படலத்திற் பட்டு, மீண்டும் நிலத்துக்கு வளைந்து வருகிறது. புயல் எல்லாம் அதற்கு வெகு கீழே நடக்கும் கூத்து. அந்தப் படலத்தை இந்தியாவில் முதலில் முறையாக அளந்து ஆராய்ந்தவரும் கல்கத்தாப் பல்கலைக்கழகத்துச் சிசிர் குமார் மித்ரா என்பது இவ்வூருக்கு இன்னொரு பெருமை. ஆயினும், மேலே உள்ள படலமும் வேளைக்கு ஒரு குணம் காட்டும். பகலில் எட்டும் ஊர் இரவில் எட்டாது. இரவில் கேட்கும் குரல் பகலில் மறையும். எந்த வேளைக்கு எந்த அலை என்பது, புயலன்று புத்தகத்தைத் திறந்து கற்கும் பாடமன்று. காற்றில்லாத நாட்களில் மாலைதோறும் பேசிப் பேசிப் பழகியவர்களுக்கே அது கைவரும். அவர்களுடைய பொழுதுபோக்கு நமக்கு வீண்வேலையாகத் தோன்றக்கூடும். உண்மையில் அது ஒத்திகை.

1999 அக்டோபர் 29-இல் ஒரிசாவைத் தாக்கிய பெரும்புயலில் ஏறக்குறைய 10,000 பேர் மாண்டனர். தொலைபேசிகள் அற்றுப்போய், மாநிலத் தலைநகருக்கே தன் மாவட்டங்களின் நிலை தெரியாதிருந்த நாட்களில், வெளியிலிருந்து சென்ற ஹாம் குழுக்கள் செய்தி கடத்தின. 2004 டிசம்பர் 26-இல் ஆழிப்பேரலை அந்தமானைத் தாக்கியபோது, பாரதி பிரசாத் என்னும் பெண்மணியின் தலைமையிற் சென்ற ஹாம் குழு ஒன்று தற்செயலாகப் போர்ட் பிளேரில் இருந்தது. உலகத்து ஆர்வலர்களோடு உரையாடுவதற்கென்று சென்றவர்கள், அன்று காலை முதல் தீவுகளுக்கும் தாய்நாட்டுக்கும் இடையே நலம் விசாரிக்கும் செய்திகளைக் கடத்தும் பணியை மேற்கொண்டார்கள். அந்தமானில் தமிழர் எத்துணைப் பேர் வாழ்கின்றனர் என்பதை நேயர்கள் அறிவார்கள். சென்னையிலும் இராமநாதபுரத்திலும் அச்செய்திகளுக்குக் காத்திருந்த வீடுகள் பல. மேற்கு வங்கத்து ஹாம் ஆர்வலர்கள் ஆண்டுதோறும் தை மாதப் பிறப்பில் கங்காசாகர் திருவிழாவிலே நிலையம் அமைத்து, கூட்டத்திற் காணாமற் போன முதியோரை உறவினரோடு சேர்த்துவைக்கின்றனர். 1864-இல் கடல் விழுங்கிய அதே சாகர்த் தீவுதான் அது.

2020 மே 20-ஆம் நாள் ‘அம்பன்’ புயல் சுந்தரவனத்தை ஒட்டிக் கரை கடந்து, கல்கத்தாவுக்குள்ளும் மணிக்கு நூறு கிலோமீட்டருக்கு மேற்பட்ட வேகத்தில் வீசிற்று. இம்முறை எச்சரிக்கை நாட்கணக்கில் முன்னதாக வந்தது. துணைக்கோள்களும் ரேடார்களும் புயலின் ஒவ்வோர் அசைவையும் காட்டிக்கொண்டிருந்தன. இலட்சக்கணக்கானோர் முன்கூட்டியே பத்திரமான இடங்களுக்கு அகற்றப்பட்டனர். மேற்கு வங்கத்தில் உயிரிழந்தோர் நூறுக்குச் சற்றுக் குறைவு. 60,000 எங்கே, இது எங்கே! நூற்றைம்பது ஆண்டு உழைப்பின் பயன் அது. ஆனால் புயல் கடந்த பிறகு, மரங்களோடு மின்கம்பங்களும் சாய்ந்து, நகரத்தின் பல பகுதிகளில் மின்சாரமும் தொலைத்தொடர்பும் பல நாட்கள் நின்றன. முன்னெச்சரிக்கை என்னும் பாதிக் கணக்குத் தீர்ந்தது; பின் தொடர்பு என்னும் மறுபாதி இன்னும் நிலுவையில் நிற்கிறது. கார்டன் ரீச்சிலிருக்கும் மகனுக்கு ஒன்றும் நேரவில்லை என்று தஞ்சாவூரிலுள்ள தாய்க்குத் தெரிவதற்கு, இந்த அறிவியற் காலத்திலும் இரண்டு மூன்று நாள் ஆகுமானால், அந்த இரண்டு மூன்று நாளை அத்தாய் எப்படிக் கழிப்பாள்?

துறைமுகத்துப் புயற்கூண்டுகளைப் பற்றிச் சற்று முன்பு கூறினோம். அவை எண் 1 முதல் 11 வரை. முதலிரண்டும் தூரத்துப் புயலைக் குறிக்கும். மூன்றும் நான்கும் உள்ளூர் எச்சரிக்கை. ஐந்து முதல் ஏழு வரை அபாயம். எட்டு, ஒன்பது, பத்து பேரபாயம். பத்தாம் எண் ஏறிவிட்டால் புயல் துறைமுகத்தின் மீதோ மிக அருகிலோ கடக்கும் என்பது பொருள். அதற்குமேல் என்ன இருக்க முடியும் என்று நம்மவர் நினைப்பதுண்டு. பதினொன்றாம் எண் இன்னும் பெரிய புயலைக் குறிப்பது என்று கருதுவாரும் உளர். அப்படியன்று. பதினொன்றாம் எண்ணுக்குப் பொருள் இது: வானிலை எச்சரிக்கை அலுவலகத்தோடு தொடர்பு அற்றுவிட்டது; இனி நிலைமையை இங்குள்ள அலுவலரே கண்டு முடிவு செய்கிறார். பத்து நிலைகள் காற்றைப் பற்றியவை. கடைசி நிலை சொல்லைப் பற்றியது. இந்த வரிசையை வகுத்தவர்கள் அனுபவப்பட்டவர்கள் என்பதில் ஐயமில்லை.

பதினொன்றாம் எண் ஏறும் நாளுக்கு ஒரு குடும்பம் எவ்வாறு ஆயத்தமாயிருப்பது? மின்கலத்தால் இயங்கும் சிறு வானொலிப் பெட்டி ஒன்று. ஆண்டுக்கு இருமுறை மாற்றப்படும் மின்கலங்கள். காகிதத்தில் எழுதிவைத்த தொலைபேசி எண்கள். செல்பேசி அணைந்தால் நம்மில் எத்தனை பேருக்கு உடன்பிறந்தார் எண் நினைவிலிருக்கும்? புயலில்லாத ஓர் ஊரில் உள்ள உறவினர் ஒருவரை, எல்லோரும் செய்தி தெரிவிக்கும் நடுவராக வைத்துக்கொள்வதும் நல்லது. விருப்பமுள்ள இளைஞர்களுக்கு ஹாம் உரிமத் தேர்வு திறந்திருக்கிறது. பன்னிரண்டு வயது நிறைந்தவர் யாரும் எழுதலாம். மத்திய அரசின் தகவல் தொடர்புத் துறை நடத்துகிறது. வேகமாக மோர்ஸ் தட்டத் தெரிய வேண்டுமென்பது தொடக்க நிலைக்கு இப்போது கட்டாயமில்லை. உரிமமின்றிக் கருவியைத் தொடுவது குற்றம். உரிமம் பெற்றவரும் காசுக்காகச் செய்தி அனுப்பக்கூடாது. வானிலை பார்ப்பதற்கோ உரிமமும் வேண்டா. மாடியில் ஒரு மழைமானி, சுவரில் ஒரு பாரமானி, ஒரு நோட்டுப் புத்தகம் இருந்தாற் போதும். வானிலைத் துறையார் மழையை ஒவ்வொரு நாளும் காலை 8.30 மணிக்கு அளக்கின்றனர். அதே வேளையில் நாமும் அளந்து எழுதினால் நம் குறிப்பை அவர்களுடையதோடு ஒப்பிட்டுப் பார்க்க இயலும்.

வெளிமாநிலத்தில் வாழ்வோர்க்கென்று மற்றோர் ஆயத்தமும் உண்டு. எச்சரிக்கை முதலில் உள்ளூர் மொழியிலேதான் வரும். தெருவில் ஒலிபெருக்கி கட்டிய வண்டி, ‘ஜொர்’ வருகிறது என்று கூவிக்கொண்டு போகையில், அது புயலென்று தெரியாமல் கதவைத் திறந்து வேடிக்கை பார்ப்பது தகாது. வங்காளியில் ‘ஜொர்’ என்பது புயல், ‘ஜோயார்’ ஏற்றம், ‘பாட்டா’ வற்றம், ஹூக்ளியில் ஏற்றத்தோடு சுவர்போல் எழுந்து ஓடிவரும் அலைக்கு ‘பான்’ என்று பெயர். ‘பிபத் சங்கேத்’ என்பது அபாயச் சைகை. நம் விபத்தும் சங்கேதமுமே வங்காளியர் வாயில் அவ்வாறு ஒலிக்கின்றன. இந்த ஐந்தாறு சொற்களை வீட்டிலுள்ள பெரியவர்களுக்கும், ஊரிலிருந்து வந்து தங்கியிருக்கும் விருந்தினருக்கும் சித்திரை பிறப்பதற்கு முன்பே, கோடைப் புயற்காலம் தொடங்குமுன், சொல்லிக்கொடுத்துவிடலாம்.